ஆறு கோர்ட்டும் ஒரு மைக்கும்

பூப்பந்து ஆடுகிறவரும் லோரியும் ஒன்றுதான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு லோரிக் கம்பெனியில் பல வருஷம் டிஸ்பேட்ச் பார்த்தவன் நான். போர்ட்டுக்குப் போன வண்டி திரும்பி வந்தால் டீசல் ஊற்று, டயரைத் தட்டிப் பார், அடுத்த கன்டெய்னரை ஏற்று, அனுப்பு. யார்டில் ஒரு வண்டி சும்மா நின்றால் முதலாளிக்கு வயிறு எரியும். அவருக்கு எரிந்தால் எனக்கு அதைவிட எரியும். நாற்பத்தெட்டு வயதில் அந்த வேலையை விட்டு, விளையாட்டுப் போட்டிகளுக்கு அட்டவணை போடும் வேலைக்கு வந்தேன். வயிற்றெரிச்சலையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "அங்கிள், டிரா போட எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன். பாதியில் எழுந்துபோய் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறார்கள். எழுதி வைத்தால் எழுந்துபோக முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

1. மூன்றில் ஒருவர் வரமாட்டார்

என்னை வேலைக்கு வைத்தவர் சேவியர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் அவர் அலுவலகம். சங்கங்களும் மன்றங்களும் போட்டி நடத்த நினைத்தால் யாரோடு யார் மோதுவது என்கிற டிரா, அட்டவணை, நடுவர், மைக் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். சேவியர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அன்றைக்குத் தூக்கம் வராத மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு சங்கத்தின் பூப்பந்துப் போட்டியை முதன்முதலாக என்னிடம் தனியாகக் கொடுத்தார். ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. இடம் மேருவில், முன்பு கிடங்காக இருந்து மண்டபமான கட்டடம். ஆறு கோர்ட். மாலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாலா, இதுல மூச்சு விட இடமே இல்லியே."

"இடம் எதுக்கு பாஸ்? மூணுல ஒரு ஆள் வரமாட்டான். நம்ம ஆளுங்க தானே. ஒருத்தனுக்கு நிச்சயதார்த்தம், ஒருத்தனுக்கு சனிக்கிழமை ராத்திரி பர்த்டே பார்ட்டி. வாக்ஓவர் வரிசையா விழும். அந்த ஓட்டையில மூச்சு விட்டுக்கலாம்."

இதுவும் லோரிக் கம்பெனிப் பாடம்தான். பத்து டிரைவர் வேண்டுமென்றால் பதின்மூன்று பேரை வரச் சொல்வோம். மூன்று பேர் நிச்சயம் உடம்பு சரியில்லை என்று எம்.சி. போடுவார்கள். அதே கணக்கில், ஒன்பதரைக்கு ஆரம்பிக்க வேண்டிய போட்டிக்கு எட்டு மணி என்று அச்சடித்தேன். நம்முடைய மக்களை என்னைவிடத் தெரிந்தவர் யார் என்ற திமிர்.

"ஒரு ஆள் எத்தனை பிரிவுக்குப் பேர் கொடுக்கலாம்?" என்றார் சேவியர்.

"எத்தனை வேணும்னாலும். கோர்ட் நிறையணும்ல."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "உன் போட்டி. நீயே நடத்து."

அந்த வாரம் சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். சரோஜா அக்கா. ஒரு மருத்துவமனையில் துணி சலவைப் பகுதியில் வேலை. மகள் ஷாமினிக்குப் பதினெட்டு வயது.

"தம்பி, ஒரு காலேஜ் கோச் வர்றாராமே. உண்மையா?"

உண்மைதான். லிம் என்று ஒரு கோச். அவருடைய தனியார் கல்லூரியில் பெண்கள் ஒற்றையர் ஆடும் ஒருவருக்கு மட்டும் இடம் இருந்தது. படிப்பும் இலவசம், ஹாஸ்டலும் இலவசம். அந்த ஒருவரைத் தேடித்தான் எங்கள் போட்டிக்கு வருகிறார்.

"எம்பொண்ணுக்கு வர்ற திங்கக்கிழமை போன் கடையில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க தம்பி. இந்த எடம் கெடைச்சா போகவேணாம். அதான் கேக்கறேன், சிங்கிள்ஸ் மட்டும் போடவா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அக்கா, வர்றதே வர்றீங்க. சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸ்ட், மூணும் போட்டுடுங்க. நல்ல எக்ஸ்போஷர்."

எக்ஸ்போஷர் என்ற வார்த்தையை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். யார் மேலாவது பிரயோகிக்க வேண்டியிருந்தது.

2. எல்லாரும் வந்துவிட்டார்கள்

ஞாயிறு காலை ஏழரைக்குப் போனேன். கார் நிறுத்த இடமில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் ஏதோ ஓவர்டைம் என்று நினைத்தேன். உள்ளே போனால் மண்டபம் முழுக்க ஆட்கள். குதிக்கிறார்கள், கையைச் சுழற்றுகிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "எட்டுன்னு போட்டிருக்கீங்க. நெட் இன்னும் கட்டலியா அண்ணே?"

கோச் வருகிறார் என்ற செய்தி போன் போனாகச் சுற்றியிருக்கிறது. வராமல் இருப்பார்கள் என்று நான் எண்ணி வைத்த ஆட்களெல்லாம் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் சுற்று முடிந்தபோது விழுந்த வாக்ஓவர் ஒன்றே ஒன்று. அவரும் காலையில் கால் பிசகி, நொண்டிக்கொண்டே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

சேவியர் மாதா கோயிலில் முதல் பூசையை முடித்துவிட்டு வந்தார். ஒரு கறிபாப்பைக் கடித்தபடி அட்டவணை போர்டைப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட எம்.சி. போடலியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்தால் சிலர் அப்படியே உறைந்துபோவார்கள். நான் ஓடுகிற ரகம். போர்டுக்கும் கோர்ட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் ஓடினேன். தே தாரிக் டீயை வாங்கி எங்கெங்கோ வைத்துவிட்டு, மறந்துபோய் மறுபடி வாங்கினேன். ஆறு மணிக்குச் சாவி. அந்த ஒன்றுதான் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பதற்றத்தில் மனிதன் தெரிந்த வேலையைத்தான் செய்வான். நான் டிஸ்பேட்ச் செய்தேன். சாப்பாட்டு இடைவேளையை ரத்து செய்தேன். எந்தக் கோர்ட் காலியானாலும், வரிசையில் எந்த ஆட்டம் கண்ணில் பட்டதோ அதைத் தூக்கி உள்ளே போட்டேன். யார் எப்போது ஆடி முடித்தார் என்று பார்க்கவில்லை. ஒரு வழியாகப் பிற்பகலில் மூச்சு வந்தது. ஆறு கோர்ட்டும் நிறைந்து ஓடின. யார்டில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. உள்ளுக்குள் என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

3. மைக்கில் ஒரே பெயர்

ஷாமினி மிக்ஸ்ட் அரையிறுதியை ரப்பர் செட் வரை இழுத்துத் தோற்றாள். மூன்றாவது செட்டைத்தான் இங்கே ரப்பர் என்போம். வந்து உட்கார்ந்து ஒரு ஷூ கயிற்றை அவிழ்த்தாள். மற்றதை அவிழ்ப்பதற்குள் நான் மைக்கில் கூப்பிட்டேன். பெண்கள் டபுள்ஸ் அரையிறுதி, கோர்ட் மூன்று. அதுவும் ரப்பர் செட், அதுவும் தோல்வி. தண்ணீர் குடிக்கப் போனாள்.

"ஷாமினி. சிங்கிள்ஸ் அரையிறுதி. கோர்ட் ஒண்ணு. ரெண்டாவது அழைப்பு."

சரோஜா அக்கா மேசைக்கு வந்தார். போனில் கேட்ட குரலை அன்றைக்குத்தான் முகத்தோடு பார்த்தேன். தோளில் பெரிய பை, கையில் துண்டு.

"தம்பி, காலையிலேர்ந்து கேக்கறேன். அந்த மைக்குல எம்பொண்ணு பேரைத் தவிர வேற பேரே வராதா?"

"வரிசைப்படி போகுதுக்கா."

"டபுள்ஸுக்கே வேணாம்னு சொன்னேன். ஜோடிப் பொண்ணு லீவு எடுத்துட்டு வந்திருக்கு, எப்படிம்மா விடுறதுன்னுட்டா. சரி. இதுக்காச்சும் ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

"நடுவர் நின்னுட்டிருக்காருக்கா."

"அவரு நிக்கிறாரு. இவ ஓடுறா."

அவர் போய்விட்டார். ஷாமினி ஆடினாள். கோச் லிம் கோர்ட் ஒன்றின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தொடர்ந்து மூன்றாவது ஆட்டமாக ரப்பர் செட். இதில் ஜெயித்தாள். வலையருகே கை கொடுத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் பார்த்தாள். விரல்களால் மூடியைத் திருக முடியவில்லை. அம்மா வாங்கித் திறந்து கொடுத்தார்.

நான் போர்டைப் பார்த்தேன். பெண்கள் சிங்கிள்ஸ் இறுதி ஆட்டம். ஷாமினி, சாலாக் செலாத்தான். திவ்யா, கிள்ளான். திவ்யா சிங்கிள்ஸ் மட்டும்தான் ஆடுகிறாள். அவளுடைய அரையிறுதி எப்போதோ முடிந்துவிட்டது. அவள் அப்பா குணா, சங்கத்தில் செயலவை உறுப்பினர், மகளைக் காரில் ஏர்கான் போட்டு உட்கார வைத்திருந்தார்.

கோர்ட் ஒன்று காலி. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. நான் விரட்டிய விரட்டில் மிச்சமிருந்தவை இறுதி ஆட்டங்கள் மட்டும். ஆறு மணிச் சாவிக்கு நேரம் தாராளமாகக் கிடந்தது. அவ்வளவு விரட்டியிருக்க வேண்டியதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மைக்கைக் கையில் வைத்திருந்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

4. ரெண்டு வார்த்தை

சேவியரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பொண்ணையும் கூப்பிடு. நாலே காலுக்கு ஃபைனல்னு சொல்லு. முடிஞ்சுது" என்றார்.

அதைச் செய்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் குணா அண்ணன் செயலவை. "எங்க பொண்ணு ரெடி, எதுக்கு லேட்?" என்று சத்தம் போடுவார். எதற்கு லேட் என்றால், அட்டவணை போட்ட ஆள் மடையன் என்று நானே மைக்கில் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல், யார் மேலும் பழி விழாமல், தானாக நேரம் கிடைக்க ஒரு வழி தேடினேன்.

அந்த வழி வெள்ளைச் சட்டையில் வாசலில் வந்து இறங்கியது. சங்கத் தலைவர். பரிசு கொடுக்க வந்திருந்தார். அவருடைய பேச்சு ஊரறிந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் கறி ஆறி, சூடு பண்ணி, மறுபடி ஆறிவிடும்.

"தலைவரே, ஃபைனலுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வார்த்தை."

"இப்பவா? ஆட்டம் இருக்கே தம்பி."

"உங்க வார்த்தையைக் கேட்டுட்டு ஆடினா உற்சாகமா இருக்கும் தலைவரே."

அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. மைக்கைக் கொடுத்தேன்.

சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். நான் ஒரு தூணோரம் நின்று, பெரிய ராஜதந்திரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன். சுவரோரம் ஷாமினி பாயில் படுத்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்திருந்தாள். சரோஜா அக்கா கெண்டைக்காலை நீவிவிட்டார்.

"தம்பி, எவ்வளவு நேரம் இருக்கு?"

"இதோ முடியப் போகுதுக்கா."

ஷாமினி உடனே எழுந்தாள். கயிறு கட்டினாள். குதித்தாள், இரண்டு பக்கமும் ஓடினாள். தலைவர் மண்டபக் கட்டட நிதிக்கு வந்திருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

"முடியப் போகுதா தம்பி?"

"முடியப் போகுதுக்கா. ஆனா படுக்கட்டும், நல்லது."

மறுபடி எழுந்தாள், குதித்தாள். தலைவர் இளைஞர் பிரிவில் நுழைந்தார். மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாவது முறை அவள் எழவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். தூங்கினாளா என்று தெரியாது. அரை மணியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கோச் லிம் ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு எதிர்ப்பக்கப் பயம். இந்த மனிதர் நிறுத்தவேமாட்டாரோ.

காற்று வாங்கப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். குணா அண்ணன் காரில் சாய்ந்து, வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கரில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"...நமது மகளிர் அணியினருக்கும் எனது மனமார்ந்த நன்றி..."

குணா அண்ணன் கார்க் கண்ணாடியைத் தட்டினார். திவ்யா இறங்கினாள். ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணே, இப்பவேவா?"

"மகளிர் அணிக்கு நன்றி சொல்லிட்டாருல்ல. அடுத்தது சமையல் குழு, அப்புறம் மண்டபத்துக்காரரு, அப்புறம் பொன்னாடை, வணக்கம். பத்துப் பதினஞ்சு நிமிஷம். வருஷா வருஷம் கேக்கறேன் லா."

சாதாரணமாகத்தான் சொன்னார். அதில் தந்திரம் ஏதும் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. சாலாக் செலாத்தானிலிருந்து முதல்முறையாக வந்த சரோஜா அக்காவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய எனக்கும் தெரியாது.

உள்ளே ஓடினேன். ஷாமினி படுத்திருந்த சுவர் மேடையைத் தாண்டி இருந்தது. மேடையைக் கடக்கும்போது, மண்டபத்துக்காரர் வரை மளமளவென்று நன்றி சொல்லி முடித்திருந்த தலைவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இந்தப் போட்டியை இவ்வளவு சிறப்பாக, ஒரு நிமிடம்கூட வீணாகாமல் நடத்திய நமது தம்பி பாலாவுக்கு..."

பொன்னாடை. தட்டில் எட்டு மடித்து வைத்திருந்தார்கள், எட்டு பேருக்கு. முதல் ஆள் நான். பொன்னாடை போர்த்திய பிறகு மேடையை விட்டு இறங்கக்கூடாது, எல்லாரோடும் சேர்ந்து படம் எடுக்க நிற்க வேண்டும். நின்றேன். பளபளப்பான துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக சரோஜா அக்காவுக்குக் கண்ணால் சாடை காட்டினேன். எழுப்புங்கள், எழுப்புங்கள். புருவத்தைத் தூக்கினேன், தலையை ஆட்டினேன். நான் கைதட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தட்டினார். நல்ல மனுஷி, நன்றாகவே தட்டினார்.

எட்டாவது ஆளுக்கும் போர்த்தி முடித்ததும் தலைவர் வணக்கம் சொன்னார். சேவியர் மைக்கை வாங்கி, யாரையும் கேட்காமல், பெண்கள் சிங்கிள்ஸ் இறுதி ஆட்டம் என்று கூப்பிட்டார்.

5. ஃபைனல்

திவ்யா வியர்வையோடு உள்ளே வந்தாள். ஷாமினி எழுந்து நின்று, சுவரைப் பிடித்து ஒரு காலை உதறினாள். கோர்ட்டில் கிடைக்கிற அந்தச் சில நிமிஷத் தட்டலில் உடம்பு சூடாகாது. குளிர்ந்த கால் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஷட்டில் எங்கே விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. முகம் அங்கே திரும்புகிறது. கால் பிறகுதான் போகிறது. முதல் செட் இருபத்தொன்றுக்கு ஒன்பது.

இரண்டாவது செட்டில் உடம்பு மெல்ல விழித்தது. அரையிறுதியில் ஆடிய பெண் திரும்பி வந்தாள். பதினேழு பதினேழு. இருபது இருபது. திவ்யா பின்கோட்டில் இரண்டு ஷட்டிலைச் சுத்தமாகப் போட்டு முடித்தாள். அவளும் நன்றாகத்தான் ஆடினாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

கோச் லிம் எழுந்து என்னிடம் வந்தார். சால்வையைக் கழற்ற மறந்திருந்தேன். அதை ஒரு பார்வை பார்த்தார்.

"பாஸ், தட் கேர்ள், ஒய் நோ வார்ம் அப்?"

"ஸ்பீச் லாங், கோச்."

"ஐ நோ லாங். யூ நெவர் டெல் ஹெர் வாட் டைம்?"

அவர் குணா அண்ணனைப் பார்த்துப் பேசப் போனார்.

சரோஜா அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முடியப் போகுது முடியப் போகுதுன்னு சொன்னீங்களே தம்பி. எப்ப முடியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம். அவளைச் சும்மா நடந்துகிட்டே இருடின்னு சொல்லியிருப்பேன்."

இன்றைக்கு நான் போடும் அட்டவணையில் ஒருவர் இரண்டு பிரிவுக்கு மேல் பெயர் கொடுக்க முடியாது. ஆட்டம் முடிந்தவருக்கு எவ்வளவு நேரம் ஓய்வு என்பதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவேன். கோர்ட் காலியாக இருந்தாலும் அதற்கு முன்னால் கூப்பிடமாட்டேன். இறுதி ஆட்டத்தின் நேரத்தை இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வாயால், ஒரே தடவையில் சொல்வேன். நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். எப்போது முடியும் என்று தெரியாத ஓய்வில் யாரும் ஓய்வெடுப்பதில்லை, சும்மா காத்துக்கிடக்கிறார்கள். தலைவர்கள் பேச்சு பரிசளிப்புக்குப் பிறகு. கேட்க ஆள் இருந்தால் பேசட்டும். காலி கோர்ட்டைப் பார்த்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கல்லூரி இடம் திவ்யாவுக்குப் போனது. ஷாமினி மறுநாள் திங்கட்கிழமை போன் கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு ஈப்போவில் ஒரு போட்டியில் சிங்கிள்ஸ் மட்டும் ஆடினாள். கோச் லிம் அங்கேயும் வந்திருந்தார். அந்த வருஷத்து இடத்தை அவளுக்குக் கொடுத்தார். அந்தப் போட்டிக்கு அட்டவணை போட்டது நான் இல்லை.